தோட்டத்தில் தொழில் படித்தவர்கள்



நான் ஆசிரியையாகப் பணியாற்றும் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ஆனால், தோட்டம் இல்லை. பள்ளியைச் சுற்றி அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் வந்துவிட்டன. கிள்ளான் வட்டாரத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் பல உண்டு. சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், மரம் சீவுறதை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க?" என்று கேட்டாள். "அம்மாகிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்னது பாதிப் பதில் என்று பட்டது. அதே தோட்டத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் படித்தவர்களும் இருந்தார்கள்; அவர்களுக்குத் தேர்வு இருந்தது, பதவி உயர்வும் இருந்தது. அந்த இருவகைப் படிப்பைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

கதை இலங்கையில் தொடங்குகிறது. அங்கே காப்பித் தோட்டம், பின்னர் தேயிலைத் தோட்டம் நடத்தக் கற்றுக்கொள்ள விரும்பிய ஆங்கிலேய இளைஞன், ஒரு பெரிய துரையிடம் பணம் கட்டி அவருடைய பங்களாவில் தங்கித் தொழில் பழகுவான். இத்தகையவனுக்குக் 'கிரீப்பர்' என்று பெயர். 1869க்குப் பிறகு இலை நோய் பரவி இலங்கையின் காப்பி அழிந்தது. அங்கிருந்த துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். துரை, சின்ன துரை, கங்காணி என்னும் சொற்களும் தோட்டத்தை நடத்தும் முறையும் இங்கும் வேரூன்றின. இரப்பர் விலை ஏறியபோது மலாயாவில் ஆள் பற்றாக்குறை. ஆகவே, இங்கே பழக வந்த சின்ன துரைக்குக் கம்பெனியே சம்பளமும் வீடும் கொடுத்தது. காசு கட்டிப் படித்த படிப்பு, காசு வாங்கிப் படிக்கும் படிப்பாயிற்று.

கிள்ளானில் அப்படித் தொழில் பழகிய ஒருவரின் வரலாறு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் இந்நாட்டுக்கு வந்தார். கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத் துரையிடம் சில மாதங்கள் இருந்து வேலையும் மலாயும் தமிழும் கற்றார். அடுத்த ஆண்டே சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால் ரந்தாவ் பாஞ்சாங்கில் சொந்தத் தோட்டம் திறந்துவிட்டார். 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வாணிபச் செம்பனையை நட்டவரும் அவர்தான். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. சில மாதப் பயிற்சி ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, பாருங்கள்! கையில் முதல் இருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

சின்ன துரைக்கு முதல் பாடம் தமிழ். கொழும்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்கென்றே அச்சிட்ட கைப்புத்தகம் ஒன்றின் பெயர் 'இங்கே வா'. அந்தத் தலைப்பே அது எந்த வகைத் தமிழ் என்று சொல்லிவிடுகிறது. 1919இல் தோட்டத் துரைமார்களின் கழகம் ஒன்று மலாயாவில் அமைந்தது. அது நாளடைவில் தொழிலுக்கும் மொழிக்கும் தேர்வுகள் நடத்தியது. தமிழில் தேறாத சின்ன துரை மேலே போவது கடினம். எழுத்தை ஒரு முன்ஷியிடம் கற்றிருக்கலாம். ஆனால் காட்டில் பேசும் பேச்சை யாரிடம் கற்றார்? கங்காணியிடமும் மரம் சீவும் பெண்களிடமும்தான். அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததாக எங்கும் கணக்கில்லை.

பிறகு முறையான படிப்பு வந்தது. 1925இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனை நிலையம் எழுந்தது. 1931 மே 21ஆம் நாள் கோலாலம்பூருக்குத் தெற்கே செர்டாங்கில் மலாயா விவசாயப் பள்ளி திறக்கப்பட்டது. அதில் மூன்றாண்டு டிப்ளமா வகுப்பு ஒன்று, ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு ஒன்று. 1947இல் அது கல்லூரியாயிற்று. 1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவோடு இணைந்து விவசாயப் பல்கலைக்கழகமாயிற்று. 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர். லயத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் எட்டவில்லை. டிப்ளமாவுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது உண்மை. ஆனால், அவை தொடக்கப்பள்ளிகள். எழுத்தும் எண்ணும் கற்பித்து நின்றுகொண்டன.

இனி என் தாயார் படித்த படிப்புக்கு வருகிறேன். 1960களின் நடுவில், பதின்மூன்று வயதில், பெரியம்மாவோடு நிரைக்குப் போனார். வெட்டி வீழ்த்த நாள் குறித்த கிழட்டு மரங்களில்தான் புதியவர் கை பழகுவது வழக்கம். விடியுமுன்பே போகவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியவேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்காமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே மேலேறுகின்றன. இப்படிச் சரித்து வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும், பாலும் கூடும். பெரியம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. சரிவு மட்டும் கண்ணளவில் பிசகாது. ஆழம்தான் பெரிய சோதனை. பால் குழாய்கள் உட்பட்டையில்தான் நெருங்கியிருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை ஒட்டி மெல்லிய வளர்படை இருக்கிறது. அதிலிருந்துதான் புதுப்பட்டை வளரவேண்டும். கத்தி அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கவேண்டும். மேலோடு நின்றால் மங்கில் பால் சேராது. உள்ளே பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. காயத்துக்கு மண்டோர் அடையாளம் போட்டுவிட்டுத் திட்டுவார். அம்மாவுக்குக் கை படிய ஓர் ஆண்டு ஆயிற்றாம். அந்த ஓராண்டும் அவருடைய பால் பெரியம்மாவின் வாளியில் சேர்ந்து, பெரியம்மாவின் கணக்கில்தான் ஏறியது.

ஒருவர் சம்பளத்தோடு பழகினார். மற்றவர் பழகியதாகவே ஏட்டில் இல்லை. படிப்பின் அருமையில் இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த 'செய்து கற்றல்' என்பதற்கு அம்மாவின் அந்த ஓராண்டைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் கண்டதில்லை.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறத்தான் செய்தது. நம் நாட்டு இளைஞர்களும் பயிற்சித் துரைகளாகச் சேர்ந்தார்கள். பகலில் காட்டில் நின்று இரவில் தேர்வுக்குப் படித்து மேலே வந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலோர் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள். பிரிக்பீல்ட்ஸ் முதன்மைச் சாலைக்கு இன்று துன் சம்பந்தனாரின் பெயர். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் அவர். நிலத்துக்கு அவர் செய்ததைத் தொழிற்படிப்புக்கும் யாரேனும் அந்த அளவில் செய்திருக்கலாமே என்று அச்சாலையில் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

அதன் விளைவு 1990களில் தெரிந்தது. பிராங் பெசார் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் அமைத்தது. 'பெரும் போர்' என்பதே அந்த மலாய்ப் பெயரின் பொருள். பி.பி. என்ற எழுத்துகளோடு உலகெங்கும் போன உயர்வகை இரப்பர்க் கன்றுகள் அங்கே உருவானவை. அந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தபோது, அதையும் அடுத்திருந்த காலோவே, செட்ஜ்லி, மாடிங்லி தோட்டங்களையும் சேர்ந்த குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் போயின. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் பல தோட்டங்களுக்கும் இதே கதி. சான்றிதழ் வைத்திருந்த துரைக்கு அடுத்த தோட்டம் காத்திருந்தது. இருபது, முப்பது ஆண்டு மரம் சீவியவர், தொழிற்சாலை வாசலில் 'படிப்பு' என்ற கட்டத்தில் 'ஆறாம் வகுப்பு' என்று எழுதினார். என் தாயாரும் அப்படித்தான் எழுதினார். துப்புரவு வேலை கிடைத்தது.

2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. வகுப்பில் உட்காராமலே, ஒருவர் வேலையில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் வழி இப்போது இருக்கிறது. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுக்கவேண்டும். 2005இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிலுநர் பெரும்பகுதி நேரம் வேலையிடத்தில் உதவித்தொகையோடு கற்கிறார். மீதி நேரம் வகுப்பு. நேயர்களின் பிள்ளைகளில் கைத்தொழிலில் நாட்டமுள்ளவர்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

அந்த மாணவியின் கேள்விக்கு மீதிப் பதிலைச் சொல்ல, அம்மாவையே ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். பழைய கத்தியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பள்ளித் தோட்டத்தில் பால் மரம் ஏது? வாழை மரத்தில் கோடு கிழித்துச் சரிவைக் காட்டினார். "ஆழம் இதுல வராது, அதுக்குப் பட்டை வேணும்" என்றார். அந்தப் பெண் பயிற்சிப் புத்தகத்தில் படம் வரைந்து, 'இடது மேலே, வலது கீழே' என்று எழுதிக்கொண்டாள். எத்தனை மில்லிமீட்டர் என்று அவள் கேட்டபோது, அம்மா தம் கட்டைவிரல் நகத்தின் கனத்தைக் காட்டினார்.