திருகோணமலையில் எழுத்தறிவிக்கும் ஆசிரியர்களின் வாண்மை விருத்தி

திருகோணமலை மாவட்டத்தின் ஆரம்ப வகுப்புகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்போர் அந்தத் தொழிலை எங்கே, யாரிடம், எப்படிக் கற்றார்கள் என்பதன் வரலாறு இது. கல்வித் திணைக்களச் சுற்றறிக்கைகள் இன்று இதனை ‘வாண்மை விருத்தி’ என்று குறிப்பிடுகின்றன. மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. தமிழ் மூலமும் சிங்கள மூலமும் அருகருகே இயங்குகின்றன. தமிழ் மூல வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும், மூதூருக்குத் தெற்கே கரையோர வேடர் சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இக்கட்டுரை தமிழ் மூலத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் செய்திகள் இரண்டு. முறையான பயிற்சிக்காக ஆசிரியர் பெரும்பாலும் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. போய்ப் பெற்ற பயிற்சியில் கல்வித் தத்துவமும் உளவியலும் நிறைய இருந்தன. ஆறு வயதுப் பிள்ளை எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பகுதி மெலிந்தே இருந்தது.

திண்ணை, மணல், சட்டம்பியார்

மிஷன் பாடசாலைகளுக்கு முன்னர் தமிழ் ஊர்களில் எழுத்தறிவித்தவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார். விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி, அரிச்சுவடியை முடித்தபின் ஓலைக்கு வந்தது. முஸ்லிம் ஊர்களில் பிள்ளை முதலில் கண்ட எழுத்து ஓதல் பள்ளியில் லெப்பை காட்டிய அறபு எழுத்தாக இருந்தது. அதே எழுத்தில் தமிழையும் எழுதிய அறபுத்தமிழ் மரபு கிழக்குக் கரையில் நெடுங்காலம் வழங்கியது. ஆகவே கிண்ணியாவிலும் மூதூரிலும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது எழுத்தாகவே வந்தது. பின்னாளில் வந்த ஆசிரியர் வழிகாட்டிகள் எதுவும் இதைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சட்டம்பியாருக்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. வகுப்பில் முந்திய பிள்ளை பிந்திய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர்களில் ஒருவர் வளர்ந்து அடுத்த சட்டம்பியார் ஆனார். இந்த ஏற்பாட்டைத்தான் 1790களில் சென்னை எழும்பூரின் இராணுவ அநாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் நடைமுறைப்படுத்தினார். தென்னிந்தியப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அவர் தொடங்கிய முறை 1797இல் இலண்டனில் நூலாக வெளிவந்து ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. பிறகு அது பிரிட்டிஷ் மிஷனரிமாரின் பெட்டியில் ஏறி மீண்டும் தமிழ் ஊர்களுக்கே வந்துசேர்ந்தது.

பரிசோதகர் காலம்

வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தனர். கடற்படைத் தளமாயிருந்த திருகோணமலையும் விரைவிலேயே அவர்களது நிலையங்களுள் ஒன்றாயிற்று. கத்தோலிக்கத் தரப்பில் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் எழுந்தது. சைவர்களின் பதில் சற்றுத் தாமதமாகவே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இந்துக் கல்லூரி 1925இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு மாறியது. பெண் பிள்ளைகளுக்கென 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை ஸ்ரீ சண்முக வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பரிசோதகர் வரத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த ‘பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு’ முறை இலங்கையிலும் பின்பற்றப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளை தேறினால் பாடசாலைக்குப் பணம், தேறாவிட்டால் வெட்டு. எந்தப் பாடப் பக்கம் கேட்கப்படும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஆகவே பிள்ளைகள் அதை மனனம் செய்தார்கள். இங்கிலாந்தில் கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட் இம்முறையைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். இலங்கையில் அதன் சுவடு நெடுநாள் நின்றது. எழுத்தைப் பார்க்காமலேயே முழுப் பாடத்தையும் ஒப்பிக்கும் பிள்ளையை இன்றும் தரம் 2இல் காணலாம்; விரலை ஒரு சொல்லின் மேல் வைத்து அதை மட்டும் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

வாசிப்புப் பாடத்துக்குத் தமிழில் வழிவகுத்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர் எழுதிய ‘பாலபாடம்’ வரிசை எளிய வாக்கியத்திலிருந்து படிப்படியாக ஏறியது. பயிற்சி பெறாத ஆசிரியருக்கு அந்த நூலின் ஒழுங்கே ஒரு பயிற்சி. ஒரு நல்ல பாடநூல் பத்துச் செயலமர்வுகளின் வேலையைச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நம்மிடம் இல்லை.

கலாசாலைக் காலம்

20ஆம் நூற்றாண்டில் ஆசிரியப் பயிற்சி கலாசாலைகளுக்குள் வந்தது. திருகோணமலையோடு நெருங்கிய தொடர்புடைய சுவாமி விபுலாநந்தர் (1892–1947) துறவியாவதற்கு முன் கொழும்பு அரசினர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கிழக்கில் நிருவகித்த நாள்களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் நூல் ஆசிரியர் என்றே அவரைப் பலர் அறிவர். பயிற்றப்பட்ட ஆசிரியராகத் தொடங்கியவர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளுக்குத் தாய்மொழியே போதனா மொழி என்றும் முடிவாயிற்று. வகுப்பறைகள் நிரம்பின, பயிற்றப்பட்ட தமிழாசிரியர் போதவில்லை. திருகோணமலை ஆசிரியர்கள் கோப்பாய்க்கும் மட்டக்களப்புக்கும், முஸ்லிம் ஆசிரியர்கள் அட்டாளைச்சேனைக்கும் போய்க் கலாசாலையில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்தார்கள். பாடக் குறிப்பு எழுதுதல், கரும்பலகையில் எழுத்தை வரிவடிவ ஒழுங்கோடு எழுதுதல், சொல்வதெழுதுதல் நடத்துதல் ஆகியவற்றில் அந்தத் தலைமுறைக்கு இருந்த தேர்ச்சியைப் பின்வந்தோர் எட்டவில்லை என்பதே என் கணிப்பு. எழுத்து முறை, சொல் முறை, வாக்கிய முறை என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கற்றாலும் ஊருக்குத் திரும்பியதும் பெரும்பாலோர் எழுத்துக் கூட்டி வாசிப்பிப்பதையே கைக்கொண்டார்கள். அது தவறான தெரிவும் அல்ல.

1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபின் நியமனம் அரசின் கைக்குப் போனது. பயிற்சி பெறாமலே நியமனம் பெறுவோர் தொகை பெருகியது. அவர்களுக்காக 1970களில் தபால் வழிப் பயிற்சியும், 1980களில் சுவீடனின் உதவியோடு தொலைக்கல்விப் பயிற்சியும் தொடங்கின. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் மகரகமவில் தேசிய கல்வி நிறுவகமும், 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய கல்வியியற் கல்லூரிகளும் உருவாயின. கல்வியியற் கல்லூரியில் மூன்று ஆண்டுப் படிப்பு. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கற்பித்துப் பழக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இலங்கையின் ஆசிரியப் பயிற்சி வரலாற்றிலேயே சிறந்த ஏற்பாடு இதுதான்.

போரும் தொண்டர் ஆசிரியரும்

அந்த ஏற்பாடு கிழக்கில் வேரூன்ற வேண்டிய காலம் போர்க்காலமாகப் போயிற்று. 1985இலும் 1990இலும் மாவட்டத்துக் கிராமங்கள் பல இடம்பெயர்ந்தன. பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் நகருக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். மூடிக் கிடக்க வேண்டிய வகுப்புகளைத் திறந்து வைத்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். க.பொ.த. சாதாரண தரமோ உயர்தரமோ படித்த உள்ளூர் இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். சம்பளம் இல்லை, அல்லது ஊரார் சேர்த்துக் கொடுத்த சிறு தொகை. எழுத்தறிவித்தலில் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி, தங்களுக்குத் தரம் 1இல் கற்பித்த ஆசிரியரின் ஞாபகம் மட்டுமே. நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் துணையோடு, விடுபட்ட படிப்பை ஈடுசெய்யும் வகுப்புகளும் பரிகாரக் கற்பித்தலுக்கான பயிற்சிகளும் வடக்கு கிழக்கில் நடந்தன. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. அதன்பின் உதவி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. சிறுவர் வாசிப்பில் ஈடுபடும் ரூம் டு ரீட் 2005இல் இலங்கையில் பணியைத் தொடங்கியது. 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் மீண்டும் இடப்பெயர்வு. சம்பூர் மக்களின் கடைசித் தொகுதிக் காணி 2016இல்தான் விடுவிக்கப்பட்டது. அந்தப் பத்து ஆண்டுகளின் தொடக்கத்தில் முகாமில் தரம் 1இல் சேர்ந்த பிள்ளை ஊர் திரும்பும்போது சாதாரண தரத்தை நெருங்கியிருக்கும்.

போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியா ஆசிரியர் நகரில் நடக்கும் ஒரு நாள் செயலமர்வுக்கு வர பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடக்க வேண்டியிருந்தது. காலை எட்டரைக்கு என்று கடிதத்தில் இருக்கும் செயலமர்வு அவர்களுக்குப் பத்து மணிக்குத் தொடங்கியது. மாலைத் தேநீருக்கு முன்னரே அவர்கள் பையை எடுத்தார்கள்.

புதிய பாடத்திட்டமும் ‘கொ’வும்

1998இல் கம்பகா மாவட்டத்திலும் 1999இலிருந்து நாடு முழுவதும் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தரம் 1–2, 3–4, 5 என மூன்று முதன்மை நிலைகள். விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை எனக் கற்பிக்கும் முறைகள் மூன்று. ஆசிரியர் வழிகாட்டிகள் அழகாக அச்சாகி வந்தன. சேவைக்கால ஆலோசகர்கள் செயலமர்வுகள் நடத்தினார்கள். பிரிஸ்டல் மட்டையும் பெல்ட் பேனாவும் தீர்ந்தன. 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் தரம் 4 பிள்ளைகளைச் சோதித்தபோது நாடளாவிய ரீதியில் தாய்மொழியில் எதிர்பார்த்த தேர்ச்சியை அடைந்தோர் 37 வீதம்.

குறை எங்கே என்பதை ஒரு சொல்லை வைத்தே காட்டலாம். மூதூர்ப் பிள்ளை தன் ஊர்ப்பக்கக் குடாவின் பெயரான ‘கொட்டியாரம்’ என்பதை வாசிக்க முயல்கிறது. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. அதன் ஒலியோ ‘க்’குக்குப் பின்னால் வருகிறது. ‘க’வுக்கு வலப்புறம் ஓர் அரவும் நிற்கிறது. பிள்ளை ‘கெ’ என்று சொல்லி நிறுத்தி, பிறகு ‘ஆ’ என்கிறது. ‘கெ–ஆ–ட்டி’. இது கவனக் குறைவு அல்ல. இடமிருந்து வலமாக வாசிக்கச் சொல்லிக்கொடுத்த விதியைப் பிள்ளை சரியாகவே பின்பற்றியிருக்கிறது. இரண்டு குறிகள் சேர்ந்து ஓர் ஒலியாவதைத் தனியாக எடுத்துக் காட்டி, ‘கெ–கொ’, ‘மெ–மொ’, ‘தெ–தொ’ என்று ஜோடி ஜோடியாகப் பழக்க வேண்டும். ‘கௌ’வில் வரும் குறியை ‘ள’ என்று வாசிப்பதும் இதே வகை. 247 எழுத்து என்று மலைக்க வைக்காமல், 12 உயிரும் 18 மெய்யும் சேரும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் மீதி வரும். வீட்டில் ‘வாறாங்க’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வருகிறார்கள்’ என்று கண்டு திகைப்பதும் ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது. செயலமர்வுகளில் இவற்றுக்கு ஒதுக்கிய நேரம் சொற்பம்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இதே சிக்கலைச் சந்தித்தன. பின்னது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்து, ஆசிரியர் பயிற்சியையும் அந்த நிலைகளை ஒட்டியே அமைத்தது. கிழக்கு மாகாணம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது உண்டு.

பாடசாலைக்குள் திரும்பிய பயிற்சி

2012க்குப் பின், உலக வங்கியின் துணையோடு நடந்த பாடசாலைக் கல்வி மாற்றத் திட்டத்தின் கீழ் ‘பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி’ வந்தது. ஆசிரியரை வெளியே அழைப்பதற்குப் பதில் அவரது பாடசாலையிலேயே, சக ஆசிரியர் பாடத்தைப் பார்த்துப் பேசும் ஏற்பாடு. யோசனை நல்லது. பழைய திண்ணையும் ஒருவகையில் இதைத்தான் செய்தது. ஆனால் பல இடங்களில் இது கூட்டக் குறிப்புப் புத்தகமாகவும் கோவையில் வைக்கும் படமாகவும் சுருங்கியது. பத்துப் பேருக்கும் குறைவான ஆசிரியர்களைக் கொண்ட கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் ஒருவர் மற்றவரின் வகுப்பில் உட்கார்ந்தால் அவரது வகுப்பை யார் பார்ப்பது? அதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. 2020இன் கொரோனா முடக்கமும் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் இருந்ததையும் குலைத்தன.

இதைவிடப் பெரிய தடை தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சை. வெட்டுப் புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படம் பதாகையில் ஏறுகிறது. ஆகவே அதிபர் தம்மிடமுள்ள திறமையான ஆசிரியரைத் தரம் 5க்குப் போடுகிறார். புதிதாக வந்தவருக்கு, அல்லது அடுத்த ஆண்டு இடமாற்றம் கேட்டிருப்பவருக்குத் தரம் 1 கிடைக்கிறது. எழுத்தறிவித்தலில் கைதேர்ந்தவர் அங்கே நிலைத்து நிற்காதபோது எந்தப் பயிற்சியும் அடுத்த ஆண்டுக்குக் கைமாறுவதில்லை.

2026இலிருந்து புதிய பாடத்திட்டம் தரம் 1இல் தொடங்கும் என அறிவித்த கல்வி அமைச்சு, 2025இல் அதற்கான ஆசிரியப் பயிற்சிகளை ஒழுங்குசெய்தது.

மாவட்டத்தின் எழுத்தறிவித்தல் முறைகளுக்கு மூலச் சான்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீட்டு அலுமாரிகளில் இருக்கும் பாடக் குறிப்பேடுகளும் கலாசாலைக் காலக் குறிப்புகளும். போரிலும் சுனாமியிலும் போனது போக எஞ்சியவையும் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005இலிருந்து எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு படியாவது எடுக்கக் கொடுத்துதவ வேண்டும்.