சமூகக் குளவிகளின் கொடுக்குச் சுரப்பிகள்

கூட்டமாக வாழும் குளவிகளின் வயிற்று நுனியில், கொட்டும் உறுப்போடு சேர்ந்திருப்பவை கொடுக்குச் சுரப்பிகள். நஞ்சுச் சுரப்பி, டுஃபோர் சுரப்பி ஆகிய இரண்டுமே இவற்றில் முக்கியமானவை. முட்டையிடும் உறுப்புதான் பரிணாமத்தில் கொடுக்காக மாறியது. ஆகவே பெண் குளவிக்கே இவை உண்டு. ஆண் குளவியால் கொட்ட முடியாது.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி போன்ற ஊர்களில் குளவி என்றதும் பலர் நினைப்பது, சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவியை. அது தனித்து வாழ்வது. சமூகக் குளவிகள் மரநாரை மென்று, காகிதம் போன்ற கூடு கட்டுபவை. கதண்டு என்றும் கடந்தை என்றும் சொல்லப்படும் பெருங்குளவிகளும், இறவாரத்தில் சிறுகூடு தொங்கவிடும் ரோபாலிடியா இனங்களும் இவ்வகை.

நஞ்சுச் சுரப்பி, நூல்போல் மெலிந்த இரண்டு குழாய்கள். அவற்றில் ஊறும் நஞ்சு ஒரு பையில் சேர்கிறது. இந்தப் பையைச் சுற்றித் தடித்த தசை உறை உண்டு. தேனீயின் நஞ்சுப்பையில் இப்படிப்பட்ட தசை இல்லை. தேனீயில் நஞ்சை உள்ளே தள்ளுவது கொடுக்கின் அடியிலுள்ள வால்வு அமைப்பு. அதனால்தான் தோலில் சிக்கி அறுந்த தேனீக் கொடுக்கு, தேனீ போன பிறகும் நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கிறது. குளவியோ தன் பையைத் தசையால் நெருக்கி, நஞ்சைச் சட்டென்று பீய்ச்சுகிறது. கொடுக்கின் முட்கள் சிறியவை என்பதால் பெரும்பாலான இனங்கள் அதை உருவிக்கொண்டு மீண்டும் கொட்டும். தென்னமெரிக்கக் குளவிகள் சிலவற்றில் மட்டும் தேனீயைப் போலக் கொடுக்கு அறுந்துபோகும்.

நஞ்சில் ஹிஸ்டமின், செரோடோனின், கைனின் வகைப் புரதத்துண்டுகள், பாஸ்போலிபேஸ் முதலான நொதிகள் உள்ளன. தோலுக்கு அடியில் இறங்கிவிட்ட இவற்றை, மேலே தடவும் சுண்ணாம்பு எட்டாது.

நஞ்சுப்பைக்குக் கீழே ஒற்றைக் குழாயாகக் கிடக்கும் சிறிய சுரப்பிக்கு, அதை 1841இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லியோன் டுஃபோரின் பெயர் வழங்குகிறது. இதன் காரநீரும் நஞ்சுச் சுரப்பியின் அமிலமும் கலந்தால்தான் நஞ்சு வீரியம் பெறும் என்று 19ஆம் நூற்றாண்டில் கருதினார்கள். அந்தக் கருத்து பின்னர் கைவிடப்பட்டது.

டுஃபோர் சுரப்பியின் வேலையைத் தெளிவாக்கியதில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே ராகவேந்திர கடக்கர் குழுவினர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் ரோபாலிடியா மார்ஜினாட்டா, தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் இனம். இதன் அரசி பரம சாது, யாரையும் அதட்டுவதில்லை. ஆனாலும் அவள் இருக்கும்வரை வேறு எந்தக் குளவியும் முட்டையிடுவதில்லை. அரசியை எடுத்துவிட்டால் உடனே ஒரு வேலைக்காரக் குளவி மூர்க்கமாகிறது. அதுவே அடுத்த அரசி. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பிவலை வைத்தபோதும், அரசி இல்லாத பாதியில் இதே மூர்க்கம் தலைதூக்கியது. ஆகவே அரசியின் சேதி காற்றில் பரவும் வாசனையாக இருக்க முடியாது. அவள் வயிற்று நுனியைக் கூட்டில் தேய்ப்பதைக் கவனித்தவர்கள் டுஃபோர் சுரப்பியைச் சந்தேகித்தார்கள். அனிந்திதா பத்ரா முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அரசியின் டுஃபோர் சாற்றை அரசியில்லாத பாதியில் இட்டதும் அங்கே தலைதூக்கிய குளவியின் மூர்க்கம் குறைந்தது. சுரப்பியிலுள்ள ஹைட்ரோகார்பன்களின் விகிதமும் அரசிக்கு ஒருவிதம், வேலைக்காரிகளுக்கு ஒருவிதம். கொட்டும் வேலையில் பங்கில்லாத உறுப்பு, கூட்டின் ஆட்சியையே நடத்துகிறது.

அதே வயிற்று நுனியில், கடைசி அடித்தகட்டில், எறும்பை விரட்டும் நீர் சுரக்கும் வான் டெர் வெக்ட் சுரப்பியும் உண்டு. கூட்டின் காம்பில் குளவிகள் பூசுவது அதைத்தான். இது கொடுக்குச் சுரப்பிகளில் சேராது.

கதண்டு இனங்களின் நஞ்சில் அபாய அறிவிப்பு வாசனையும் கலந்திருக்கிறது. ஐரோப்பியக் கதண்டில் இது மெத்தில்பியூட்டினால் என்னும் ஆவியாகும் சேர்மம். ஒன்று கொட்டினாலோ நசுங்கினாலோ அந்த வாசனை மற்றவற்றைத் திரட்டிவிடும். எனவே கூட்டருகே கதண்டை அடித்துக் கொல்லாமல் விலகி ஓடுவதே நல்லது. கூட்டை அகற்றுவதைத் தீயணைப்புத் துறையினரிடம் விட்டுவிட வேண்டும். பல கொட்டுகள் பட்டவரையும், மூச்சுத் திணறுபவரையும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.