ஏழு கடலும் எதிரிலுள்ள கடலும்

உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர்! ஏழு கடல்களாம், நடுவே மேருவாம்! புராணிகர் நம் பாட்டன்மார்க்குப் புகட்டிய பூகோளம் இது. அந்தப் பாற்கடலில் வலை வீசியவர் எவருமில்லை. ஆயினும் அதனை ஐயுற்றவர் எத்துணை பேர்?

ஐயம் எழுந்த இடங்களுள் ஒன்று காவிரிக்கரையே என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசர் என்னும் பெயர் தாங்கிய இரண்டாம் சரபோசி, 'தேவேந்திர குறவஞ்சி' என்னும் மராத்தி நாடகத்தை இயற்றினார். அதில் வரும் குறத்தி கண்டங்களையும் நாடுகளையும் எடுத்துரைக்கிறாள். குறி சொல்லும் வாய் பூகோளம் சொல்லிற்று! பாராட்டுகிறோம். ஆனால் மராத்தியில் ஒலித்த அரண்மனைப் பாடம் உழவன் மகன் செவிக்கு எட்டுவதெங்கே? அச்சேறிய தமிழில் அதனைத் தர, ரேனியஸ் பாதிரியாரின் 'பூமி சாஸ்திரம்' 1832இல் வரவேண்டியிருந்தது.

ஏட்டில் ஏறிய உண்மை வகுப்பில் ஏறிற்றா? காரைக்காலின் கடலோரத் திருவேட்டக்குடியை எண்ணிப் பாருங்கள். 1739இல் தஞ்சை அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று மீண்டது காரைக்கால். சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சியோ புதுச்சேரி. அரபிக்கடலோர மாகேயும் கோதாவரிக்கரை ஏனாமும் அதன் உடன்பிறப்புகள்! ஏன் இப்படி என்று ஏழாம் வகுப்பு மாணவன் கேட்டால், வரலாறும் பூகோளமும் ஒரே மூச்சில் விளங்கிவிடும். 2007இல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. காவிரி நீர் கடைமடைக்கு வந்து சேர்வது எவ்வாறு? அரசலாற்றங்கரையில் நின்று கேட்கவேண்டிய வினா அது. வகுப்பில் கேட்பதோ தலைநகர்ப் பட்டியல்! காரைக்கால் அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் போய் மத்திய வாரியப் பாடநூல் வந்துவிட்டது. நெட்டுரு போயிற்றா?

உயிர் காக்கும் பூகோளமும் உண்டு. 2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு விடுமுறையில் வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் வகுப்பில் கேட்ட ஆழிப்பேரலைப் பாடம் நினைவில் எழுந்தது. கூவினாள், கரை காலியாயிற்று, ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர்.

அதே நாள் காலையில் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களிலும் கடலைப் படித்தவர்கள் இருந்தனர், பள்ளியிலன்று, படகில். இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை நிலையமும் அன்று இல்லை. ஐதராபாத்தில் அது எழுந்தது 2007இல். அங்கிருந்து வரும் செய்தியைக் கேட்டு, அலை எத்தெரு வரை ஏறும் என்று தன் ஊர்ப் படத்தில் திருவேட்டக்குடி மாணவி குறித்துக் காட்டுவது எந்த வகுப்பில்?