இலத்தீன் ஏட்டில் நம்மூர் மரங்கள்

சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர நூலில், ஒவ்வொரு செடிக்கும் இரண்டு இலத்தீன் சொற்களால் பெயரிட்டார். மாமரத்துக்கு அவர் இட்ட பெயர் 'மாங்கிபெரா இண்டிகா'. தமிழரும் மலையாளிகளும் வழங்கிய மாங்காய் என்னும் சொல்லையே போர்த்துக்கீசியர் 'மங்கா' என்று மேனாட்டுக்குக் கொண்டு சென்றனர். 'பெரோ' என்பது இலத்தீனில் தாங்குதலைக் குறிக்கும். ஆகவே, மாங்காய் தாங்கும் இந்திய மரம் என்பதே அப்பெயரின் பொருள். நம் முருங்கையும் பின்னர் 'மொரிங்கா ஒலிபெரா' ஆயிற்று. 'ஒலிபெரா' என்றால் எண்ணெய் தருவது; முருங்கை விதையில் எண்ணெய் உண்டன்றோ!

புகைவண்டிப் பொதிகளுக்கு நாள்தோறும் சீட்டு எழுதும் நாம் அறிவோம்: எத்தனை வண்டி மாறினும், சீட்டில் புறப்பட்ட ஊரின் பெயர் நிற்கும். இலத்தீன் உடுத்திய பின்னும் முருங்கை தன் பெயரை இழக்கவில்லை. அயல்மொழி நடுவே வளரும் நம் குழந்தைகள் தமிழை இழக்க நாம் விடலாமா?