பனிக்கட்டிக்குள் பயணிக்கும் சிறுநீரகம்

ஊவா மாகாணத்துக்குச் சிறுநீரக நோய் புதிய விடயமல்ல. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் பிரதேசங்களுள் பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையும் ஒன்று. இரு சிறுநீரகங்களும் செயலிழந்தவருக்கு மாற்றுச் சிறுநீரகமே மறுவாழ்வு. இலங்கையில் அச்சத்திரசிகிச்சை 1985இல் பேராசிரியர்களான ஷெரிப்தீன், ரெஸ்வி ஷெரிப் ஆகியோரின் முயற்சியால் ஆரம்பமானது. மரணித்தவரின் உறுப்புகளைப் பெறுவதற்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது.

உயிருடன் உள்ள உறவினர் வழங்கும் சிறுநீரகம் சொற்ப நேரத்தில் நோயாளியைச் சென்றடைகிறது. மூளைச்சாவடைந்தவரின் சிறுநீரகமோ ஊர் கடக்க நேரிடலாம். அதனாலேயே அதன் குருதியைக் கழுவி அகற்றி, பாதுகாப்புத் திரவம் செலுத்தி, ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கின்றனர்.

பலர் எண்ணுவதுபோல் பனிக்கட்டிப் பெட்டி எல்லாவற்றையும் அப்படியே காத்துவிடுவதில்லை. குளிர், கலங்களின் சக்தித் தேவையைக் குறைக்கிறதேயன்றி நிறுத்துவதில்லை. ஒட்சிசன் இன்றிச் சக்தி குன்றும்போது கலங்களால் சோடியத்தை வெளியேற்ற முடிவதில்லை. சோடியமும் நீரும் உட்புகக் கலங்கள் வீங்குகின்றன. இதில் பெரிதும் நலிவது நுண்குருதிக் குழாய்களின் உட்சுவர். நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து குழாயை விரித்து வைத்திருப்பதும், குருதி உறையாமல் காப்பதும் அச்சுவரே. அது பழுதுற்றபின் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தினுள் வெதுவெதுப்பான குருதி பாயும்போது, ஊட்டம் தரவேண்டிய ஒட்சிசனே நச்சு மூலக்கூறுகளாகிறது. குழாய்கள் சுருங்குகின்றன, வெண்குருதிக் கலங்கள் சுவரில் ஒட்டுகின்றன. நோயாளி மீண்டும் சில நாட்கள் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நாட வேண்டியிருக்கும்.

1969இல் கொலின்ஸ், கலத்தின் உட்பாய்மத்தை ஒத்த, பொற்றாசியம் மிகுந்த திரவத்தால் நாயின் சிறுநீரகத்தை 30 மணித்தியாலம் காத்தார். 1980களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் உருவாக்கிய திரவத்தில், வீக்கத்தைத் தடுக்கும் பெரிய மூலக்கூறுகளுடன் அலோபியூரினோலும் உண்டு. யூரிக் அமில மூட்டுவாதத்துக்கு நம்மவர் விழுங்கும் அதே மருந்துதான்! 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு 336 கொடையாளிகளின் சிறுநீரகங்களில் ஒன்றைப் பனியிலும் மற்றதைத் திரவம் ஓட்டும் இயந்திரத்திலும் வைத்து ஒப்பிட்டது. இயந்திரத்தில் இருந்தவையே தாமதமின்றி இயங்குவதில் முந்தின.

அவ்வியந்திரம் விலை கூடியது. நேரத்தைச் சேமிப்பதற்கோ அத்தகைய செலவில்லை. பதுளையில் பெறப்படும் சிறுநீரகம் கொழும்பு செல்வதாயின், ஹாலிஎல, பண்டாரவளை மலைப்பாதை உட்பட 200 கிலோமீற்றருக்கு மேல் கடக்க வேண்டும். மண்சரிவு நாட்களில் அதுவும் நிச்சயமில்லை. பெட்டி புறப்படுமுன்பே இழையப் பொருத்தம் பார்த்து, பெறுபவரை அழைத்து, சத்திரசிகிச்சைக் கூடத்தை ஆயத்தமாக்கினால், பனியில் கழியும் மணித்தியாலங்கள் சிலவற்றையாவது குறைக்கலாம்.