நுங்கம்பாக்கத்தில் கணக்கிட்ட கோள்

சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்கும் கோள் உண்டு என்று கணக்குப் போட்டு, அதை அச்சிலும் ஏற்றிய மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று 1855இல் சென்னையில் நடந்தது. அது நடந்த இடம் நுங்கம்பாக்கம் வானாய்வகம். வண்டலூரில் ஏறும் மின்சார ரயில் தாம்பரம், பரங்கிமலை, மாம்பலம் என்று போய் நிற்கும் அதே நுங்கம்பாக்கம்தான். ஆய்வகம் இருந்த வளாகம் இன்று வானிலை மையத்தின் கையில் இருக்கிறது. வழியில் வரும் பரங்கிமலைக்கும் இந்தக் கதைக்கும் சிறு உறவு உண்டு. 1802இல் வில்லியம் லாம்ப்டன் தம் நில அளவைக்கான அடிக்கோட்டை அம்மலைக்கு அருகில்தான் அளந்தார். அந்த அளவைக்கு ஆதாரமான தீர்க்கரேகையைத் தந்தது நுங்கம்பாக்கம்.

வானாய்வகத்தை 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. திட்டம் மைக்கேல் டாப்பிங் வகுத்தது. கருவி அசையாமல் நிற்பதற்காக நடுவே ஒரு பெரிய கருங்கல் தூண் நட்டு, அதில் கட்டிய ஆண்டைப் பொறித்தார்கள். தமிழும் அந்தக் கல்வெட்டு மொழிகளுள் ஒன்று. கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் நேரமும் திசையும் சொல்வதே ஆய்வகத்தின் அன்றாட வேலை. அதற்கு விண்மீன்களின் இடங்கள் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஆய்வகப் பொறுப்பில் இருந்த டி. ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 11,000 விண்மீன்கள் இருந்தன.

டெய்லருக்குப் பின் பொறுப்பேற்ற கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், பம்பாய் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். புனேயில் சொந்தமாக ஒரு வானாய்வகம் வைத்து இரட்டை விண்மீன்களை அளந்து பழகியவர். சென்னைக்கு வந்த பிறகும் அந்தப் பித்து விடவில்லை. விருச்சிகத்துக்கு வடக்கே ஒஃபியூகஸ் என்னும் மண்டலத்தில் உள்ள 70 ஒஃபியூகி என்ற இரட்டையை அவர் கவனமாகப் பின்தொடர்ந்தார். சுமார் 17 ஒளியாண்டுத் தொலைவில், ஒன்றையொன்று சுற்றும் இரு சூரியன்கள் அவை. வில்லியம் ஹெர்ஷல் காலம் முதல் சேர்ந்த அளவுகளை வைத்து ஒரு சுற்றுப்பாதை வரைந்தால், துணை விண்மீன் பாதையை விட்டுச் சற்றே முன்னும் பின்னும் விலகியது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உடல் அதை இழுக்கிறது, அது கோளாக இருக்கலாம் என்று ஜேக்கப் முடிவுகட்டி, லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் எழுதினார்.

துணிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. யுரேனஸின் பாதை பிசகுவதைக் கணக்கிட்டு நெப்டியூனைப் பிடித்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் 70 ஒஃபியூகியின் இரு விண்மீன்களும் ஒருமுறை சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகும். ஹெர்ஷல் அதை இரட்டையென்று கண்டது 1779இல். ஆக, ஜேக்கப்பின் கையில் இருந்தது ஒரு முழுச் சுற்றுக்குக்கூடப் போதாத அளவுகள். அவையும் பலர் பல கருவிகளில் கண்ணால் எடுத்தவை. 1890களில் அமெரிக்கர் தாமஸ் சீ அதே விண்மீனுக்கு மீண்டும் ஒரு கோளைக் கணக்கிட்டார். அப்படியொரு கோள் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று ஃபாரஸ்ட் மோல்டன் 1899இல் காட்டியதும் விஷயம் முடிந்தது. அங்கே இன்றுவரை உறுதியான கோள் எதுவும் அகப்படவில்லை. ஜேக்கப் 1862இல் புனேயில் காலமானார்.

அவர் தோற்றது கோளில்தான், கருத்தில் அல்ல. விண்மீனின் தள்ளாட்டத்தைக் கொண்டு மறைந்திருக்கும் கோளை அறியலாம் என்பது சரியான எண்ணம். ஆனால் வானில் விண்மீனின் இடம் நகர்வதை அளக்கும் முறைக்குத் தோதானது விண்மீனை விட்டு விலகி நெடுங்காலம் எடுத்துச் சுற்றும் பெருங்கோள். ஒட்டிச் சுற்றும் கோளால் விண்மீன் மிகக் கொஞ்சமே நகரும். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வேகமாக நகரும். எனவே இடத்தை விட்டு வேகத்தை, அதாவது நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சியை அளந்தால், கிட்டத்தில் சுற்றும் கோளே முதலில் சிக்கும். வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ 1952இல் இதை எழுதினார். வியாழன் அளவுள்ள கோள் ஏன் தன் விண்மீனை உரசிக்கொண்டு சுற்றக்கூடாது என்ற அவர் கேள்வியை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1995இல் மிஷேல் மையோரும் டிடியே கெலோவும் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் ஆய்வகத்திலிருந்து 51 பெகாசி என்ற விண்மீனை அளந்தபோது, அது நொடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடியது. காரணம், வியாழனில் பாதி நிறையுள்ள ஒரு கோள். அது 4.2 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. அதாவது அங்கே ஓர் ஆண்டு நம் ஒரு வாரத்தைக்கூட எட்டாது. விண்மீனிலிருந்து அதன் தொலைவு பூமி சூரியத் தொலைவில் இருபதில் ஒரு பங்கு. வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைச் சுற்றி இருக்கும். வெப்ப வியாழன் என்ற வகை இப்படித்தான் வந்தது. இத்தகைய வாயுக்கோள் அந்தச் சூட்டில் பிறந்திருப்பது கடினம். தொலைவில் உருவாகிப் பின் உள்ளே இடம்பெயர்ந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. மையோர், கெலோ இருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோளைக் கண்டறிய இன்னொரு வழி, அது விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது குறையும் வெளிச்சத்தை அளப்பது. கடப்பைக் காணும் ஆர்வத்துக்கும் நுங்கம்பாக்கத்தில் ஒரு முன்கதை உண்டு. 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் எழுதியவர் அந்த ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவரும் அவரே. விண்மீனின் ஒளி ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் மதிப்பிட்ட அந்தத் திறமையைத்தான் இன்று மின்னணுக் கருவிகள் பல மடங்கு நுட்பமாகச் செய்கின்றன.

1899இல் நுங்கம்பாக்கத்தின் வானியல் பணி கோடைக்கானலுக்குப் போனது. பின்னர் வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாதுமலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1960களின் இறுதியில் அங்கே கருவிகளை நிறுவினார். காவலூரின் 1.3 மீட்டர் தொலைநோக்கியும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியும் கொண்டு, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தினர் ஐந்து வெப்ப வியாழன்களின் கடப்புகளைப் பதிவுசெய்து அவற்றின் அளவுகளைத் திருத்தி 2019இல் வெளியிட்டார்கள். அவற்றுள் வாஸ்ப்-12பி தன் விண்மீனை 26 மணி நேரத்தில் சுற்றுகிறது. 2021இல் ராஜஸ்தானின் அபு மலையிலிருந்து அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் டிஓஐ-1789பி என்ற புதிய வெப்ப வியாழனை அறிவித்தனர். 3.2 நாளில் சுற்றும் அந்தக் கோளின் நிறை வியாழனில் 70 விழுக்காடு; விட்டமோ வியாழனின் 1.4 மடங்கு.