ஒருசந்தியும் பல்லக்கும்
திருக்காவலூர்த் துறவு மரபு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஜெயங்கொண்டத்திற்குத் தென்மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையை அடுத்து ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. இன்றைய அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரையே வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு வழங்கினார்; இதன் மீதே திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். ஊர்ப்பெயரில் அமைந்த 'காவல்' என்னும் சொல் வெறும் அணியன்று. தஞ்சை மராத்தியர் ஆட்சியில் 1701ஆம் ஆண்டளவில் கிறித்தவர் துன்புறுத்தப்பட்டனர். அக்காலத்தில் ஆற்றைக் கடந்து அரியலூர்ப் பாளையக்காரரின் எல்லைக்குள் வந்தோர் புகலிடமாகக் கொண்ட இடங்களுள் இஃது ஒன்று. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த மக்களிடையே எழுந்த கோயில் ஆதலின், ஈண்டுச் சிக்கனம் என்பது முதலில் அறமாக வந்ததன்று, இன்றியமையாமையாகவே வந்தது. அவ்வின்றியமையாமை எவ்வாறு நோன்பாக மாறிற்று என்பதும், அந்நோன்பைக் கற்பித்த துறவியர் தாம் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதுமே யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வாராய்ச்சியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வீரமாமுனிவரின் வரலாற்றைத் தமிழில் முதற்கண் விரிவாக எழுதியவர் சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளை. அவர் 1822இல் எழுதிய சரித்திரம் முனிவரை இருவேறு கோலங்களில் காட்டுகின்றது. ஒன்று, புலால் உணவை அறவே நீக்கி, நாளொன்றுக்கு ஒருவேளையே உண்ட துறவியின் கோலம். மற்றொன்று, புலித்தோல் விரித்த பல்லக்கில் அமர்ந்து, மயிற்பீலி வீசவும் பட்டுக்குடை நிழற்றவும், காதணியும் மோதிரமும் பூண்டு செல்லும் மடாதிபதியின் கோலம். சந்தா சாகிபின் அவையில் அவர் திவானாக விளங்கினார் என்பதும் அந்நூல் தரும் செய்தியே. இவ்விரண்டனுள் எது உண்மை? எளிமையைச் சமய ஒழுக்கமாகக் கொண்டவர் பல்லக்கில் ஊர்வரோ?

திவான் பதவி பற்றிய செய்தியைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் ஐயுற்றனர். முனிவர் மறைந்தது 1747இல். நூல் எழுந்ததோ எழுபத்தைந்து ஆண்டுகட்குப் பின். இடைப்பட்ட காலத்தில் செவிவழிச் செய்தி வளர்ந்திருத்தல் இயல்பு. ஆயினும் 'மிகைப்பட்டது' என்று கூறிப் பல்லக்கை ஒதுக்கிவிட்டு, ஒருவேளை உணவை மட்டும் மெய்யெனக் கொள்ளுதல் நேர்மையான முறையன்று. இரண்டும் ஒரே ஏட்டில் வந்தவை. ஆதலின் இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

அதற்கு மதுரை மறைத்தளத்தின் தொடக்கத்தைக் காண்போம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர், காவியுடை தரித்து, மரப் பாதுகை அணிந்து, ஊனும் மதுவும் துறந்து, சோறும் காய்கறியும் பாலும் ஒருவேளை மட்டும் உண்டு வாழ்ந்தார். இதனை ஐரோப்பியத் துறவு நெறியின் இறக்குமதி எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. அவர் சார்ந்த சேசு சபை, வறுமையை வாக்குறுதியாகக் கொண்டதேனும், புலால் மறுத்தலையோ நாள்தோறும் ஒருவேளை உண்டலையோ தன் உறுப்பினர்க்குக் கடமையாக விதித்ததன்று. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார், உணவும் உடையும் அந்தந்த நாட்டுப் பொதுவழக்கை ஒட்டியிருந்தால் போதும் என்றே அமைத்தார். ஆகவே நொபிலியின் உணவுக் கடுமை உரோமையிலிருந்து வந்ததன்று. துறவி என்பான் எவ்வாறு உண்பான் எனத் தமிழ்நாடு கொண்டிருந்த கருத்திலிருந்து வந்தது. அவரைக் கோவாவில் குறைகூறியோரும் இதனையே குற்றமாக எடுத்துரைத்தனர். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அளித்த முடிவு அவர்க்குச் சார்பாக அமைந்தது. 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமிக் கோலத்தை மேற்கொண்டார். பின்னர் வந்த அருளானந்தரும், 1711இல் மதுரை மறைத்தளம் புகுந்த வீரமாமுனிவரும் அத்தமிழ்த் துறவு வழியினரே.

பண்டாரம் என்னும் சொல்லையே சற்று நோக்குக. கருவூலம் என்பதும் அதன் பொருள். உடைமையற்ற துறவி என்பதும் அதன் பொருள். தமிழ்நாட்டு மடங்களின் அமைப்பு இம்முரணை எளிதில் விளக்கும். கொள்ளிடத்தின் தென்பால் அமைந்த திருப்பனந்தாளிலும், தருமபுரம், திருவாவடுதுறை ஆகிய ஆதீனங்களிலும் மடத்திற்கு நிலமும் நெல்லும் உண்டு. தலைவர்க்கோ உடைமை இல்லை. பல்லக்கு மரபும் அத்தகைய மடங்களில் உண்டு. அதில் அமர்வது தனி ஒருவரன்று, பீடம். தெருவில் பீடத்திற்குரிய சிறப்பும் அடுக்களையில் துறவிக்குரிய உணவும் ஒருங்கே நிற்றல் தமிழர் கண்ணுக்கு முரணாகத் தோன்றியிராது. முத்துசாமிப் பிள்ளையும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கால் எவ்வித வியப்பையும் காட்டவில்லை. அம்முரண் நமக்கே தோன்றுகின்றது.

எனினும் இவ்விளக்கம் முழுமையும் யாம் மனநிறைவுடன் ஏற்கக்கூடியதன்று. பல்லக்கைச் சுமந்தோர் தோள்களும் அவ்வரலாற்றில் அடங்கியவையே. உயர்ந்தோர் முன் மதிப்புப் பெறுதற்பொருட்டு மேற்கொண்ட சிறப்பு, வீடிழந்து வந்தோர் வாழ்ந்த ஊரில் எங்ஙனம் காணப்பட்டது என்பதை அவர்தம் வாய்மொழியாக எந்த ஏடும் கூறவில்லை.

முனிவரின் கருத்தை அறிதற்கு அவர் நூல்களே சிறந்த சான்று. 1726இல் முற்றிய தேம்பாவணியின் தலைவர் வளனார். தாவீது மன்னன் குலத்தில் தோன்றியும் தச்சுத் தொழிலால் உணவு ஈட்டியவர் அவர். காப்பியத் தலைவனாக வெற்றி வேந்தனைத் தேடாது, உளியும் வாளும் ஏந்திய கைத்தொழிலாளனைத் தேர்ந்தது தமிழ்க் காப்பிய வரலாற்றில் குறிக்கத்தக்கது. அந்நூலின் ஈரறம் பொருத்து படலம், இல்லறத்தில் இருந்தவாறே துறவறத்தை மேற்கொள்ளும் நிலையைப் பேசுவது. காட்டிற்கும் மடத்திற்கும் செல்லவியலாத குடியானவனுக்குத் துறவின் கூறொன்றை வீட்டிற்குள் கொணர்ந்தமை இப்படலத்தின் பயன். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். ஆதலின் துறவு என்னும் அதிகாரத்தையும் நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தையும் நுணுகிக் கற்றவர். சிக்கனம் வேறு, இவறன்மை வேறு என்பதை அவர்க்கு எவரும் உணர்த்த வேண்டியதில்லை. பரமார்த்த குருவின் கதையில், வாடகைக்குப் பிடித்த மாட்டின் நிழலில் குரு இளைப்பாற, அந்நிழலுக்கும் கூலி கேட்கும் மாட்டுக்காரன் வருகின்றான். நிழலுக்கு விலை வைப்பவனை நகையாடியவர், உணவைக் குறைத்தலைப் பொருள் சேர்த்தற்கு வழியாகக் கற்பித்திருப்பார் என எண்ண இடமில்லை.

இனி, மக்களிடையே வேரூன்றிய வழக்கத்திற்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கர் நோன்பிற்கு வழங்கிய சொல் ஒருசந்தி. புலால் நீக்கிய உணவிற்கு வழங்கியது சுத்தபோசனம். இரண்டும் ஏனைத் தமிழரும் அறிந்த சொற்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒருபொழுது இருக்கும் குடும்பமும், தபசு காலத்தில் ஒருசந்தி பிடிக்கும் குடும்பமும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் விளக்கமின்றி அறிந்துகொண்டன.

தபசு காலம் விழும் திங்களையும் நோக்குதல் வேண்டும். அது பெரும்பாலும் மாசி, பங்குனியில் வருவது. கொள்ளிடக் கரையின் நன்செயில் சம்பா அறுவடை தை மாதத்தது; குதிரில் நெல் இருக்கும் காலமே நோன்புக் காலமாக அமைந்தது. பசி வாட்டும் திங்கள்கள் அறுவடைக்கு முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும். ஆகவே நன்செய்க் குடியானவன் உண்ணாதிருந்தது நெல் இன்மையாலன்று. இருக்கும்போது குறைத்துண்டல், இல்லாதபோது குறைந்துண்டல் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அவன் ஆண்டுதோறும் வயிற்றால் அறிந்தான். நிலமில்லாக் கூலியாளுக்கு இவ்வேறுபாடு எத்துணை இருந்தது என்பது வேறு வினா. அவன் குதிர் மாசியிலும் நிரம்பியிருக்க இயலாது. வடக்கே ஆண்டிமடம், வரதராசன்பேட்டைப் பக்கத்துச் செம்மண் புன்செயிலும், வானத்தை நம்பிய வேளாண்மை ஆதலின், இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

தமிழ்க் கிறித்தவர் வீடுகளில் நெடுங்காலம் பயின்ற மற்றொரு வழக்கம் பிடியரிசி. உலையில் இடுமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் எடுத்து வைப்பாள். சேர்ந்தது கோயிலுக்கோ எளியோர்க்கோ சென்றது. மீந்ததைக் கொடுப்பதன்று இது, சமைக்குமுன்னரே குறைத்துக்கொள்வது. இந்நோன்பின் பொறுப்பு குருவிடமோ குடும்பத் தலைவனிடமோ இல்லை. அடுப்படியில் நிற்கும் பெண்ணிடமே இருந்தது. அவ்வொரு பிடி யாருடைய இலையில் குறைந்தது என்பதை அவளே அறிவாள். பெரும்பாலும் இறுதியில் உண்பவள் இலையிலேயே அது குறைந்திருக்கும் என்பது எம் கருத்து.

1966 பிப்ரவரி 17ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் பவுல் விடுத்த ஆணை, கட்டாய ஒருசந்தி நாள்களைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டாகச் சுருக்கியது. ஏனைய நாள்களில் ஒறுத்தலை அவரவர் உள்ளத்திற்கும் ஈகைக்கும் விட்டது. விதி இவ்வாறு தளர்ந்த பின்னும், தபசு காலம் முழுதும் ஒருவேளை உண்ணும் முதியோர் தமிழ்நாட்டு ஊர்களில் இருந்தனர். அவர்கள் கைக்கொண்டது 1966க்கு முந்தைய திருச்சபை விதியையா, அதனினும் பழைய தமிழ் ஒருபொழுதையா எனப் பிரித்துரைத்தல் எளிதன்று. இரண்டிற்கும் அவர்கள் வாயில் சொல் ஒன்றே.